கிளட்ச் இல்லாத கார்

பக்கவாதம் வந்து இடது கால் மரத்துப்போன பிறகு, மாரெட்பள்ளி ஜெகதீஸ்வரன் முடிவெட்டப் போவதென்றால்கூட மனைவி நீலாவைக் கேட்க வேண்டியிருந்தது. அவளுக்கு நேரம் வாய்த்தால்தான் ஆட்டோ வரும். மனுஷருக்கு மூச்சு முட்டியது. வாசலில் அவருடைய 1962 மாடல் கார் சும்மா நின்றது. கிளட்சை மிதிக்கத்தான் கால் வரவில்லை. புதிதாக ஒரு ஆட்டோமேட்டிக் கார் வாங்கலாமே என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். இந்தக் காருக்கே ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பொருத்திவிட்டால் யார் தயவும் வேண்டாம் என்பது அவர் கணக்கு.

குஷாய்குடா தொழிற்சாலையில் ஆயுசு முழுக்க உதிரிபாகங்களை அளந்து பாஸ் போட்டவர். இன்ஜினின் பின்பக்க வடிவத்தை, போல்ட் துளைகளோடு அட்டையில் வெட்டி எடுத்துக்கொண்டு, நீலாவையும் இழுத்துக்கொண்டு பழைய இரும்புக் கடைகளை அலசினார். ஒரு கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் இல்லாமல் அசையாது. இன்னொன்று இந்தக் கிழட்டு இன்ஜினின் பலத்தைத் தானே தின்றுவிடும். கடைசியில் உப்பல் பக்கம் ஒரு கடையில், ஏதோ ஜப்பான் வேனிலிருந்து கழற்றிய ஒன்று அகப்பட்டது. நடுவே ஒரு இரும்புத் தகட்டைக் கடைந்து போட்டால் இன்ஜினோடு சேர்ந்துவிடும். ஆனால் அகலம் அதிகம். காரின் தரையை வெட்டி மேடாக்க வேண்டும்.

"வெட்டினா மறுபடி பழைய கியர்பாக்ஸ் உக்காராது சார். நக்கோ, வேணாம்," என்றான் மெக்கானிக் வெங்கட்.

"கிளட்ச் இருந்த இடம்தானே போகுது? வெட்டு."

சீட்டைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் எல்லா அளவும் எடுத்தார். ஒரு தடவை உட்கார்ந்து பார்க்க அவருக்குத் தோன்றவே இல்லை.

முதல் நாள் கார் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. சந்து முனையில் பிரேக்கை அழுத்தினார், பெடல் இறங்கவில்லை. மேடாக்கிய தரையில் வைக்க இடமில்லாத இடது கால், அவருக்கே தெரியாமல் சரிந்து பெடலுக்கு அடியில் மாட்டியிருந்தது. பக்கத்திலிருந்த நீலா ஹேண்ட்பிரேக்கை இழுக்க, கார் கம்பத்தில் உரசி நின்றது. அவள் குனிந்து இரண்டு கையாலும் அந்தக் காலை வெளியே எடுத்தாள். அவமானத்தில் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதோடு அவர் ஓட்டுவதை விட்டார். விற்கலாமென்றால், தரையை வெட்டிய காரை யார் வாங்குவார்? நீலாதான் ஓட்டக் கற்று லைசன்ஸ் எடுத்தாள். கிளட்ச் இல்லாததால் சட்டென்று வந்துவிட்டது. நன்றாகவே ஓட்டினாள், அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. ஒரு மாதம் அதில் ஏறவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"நீலா, ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போறியா?"

குக்கரை இறக்கிவிட்டு வருவதாகச் சொன்னாள். அவர் போய் இடப்பக்க சீட்டில் உட்கார்ந்து காத்திருந்தார்.