பங்குனி மாதத்துத் தீபாவளி

என் மகனின் முதல் தீபாவளிப் படம் எங்கள் ஆல்பத்தில் இருக்கிறது. சுள்ளென்ற வெயிலில் கம்பி மத்தாப்பு எரிகிறது. ஆறு மாதக் குழந்தையாக இருக்க வேண்டியவன் நாலு பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். பின்னால் மாமரத்தில் கொத்துக் கொத்தாக மாவடு. எல்லாவற்றுக்கும் நான்தான் காரணம்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூட வாசலை மிதித்தவள் நான். செங்கல்பட்டில் கல்லூரி வரைக்கும் போனேன். செய்யூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு தெருவில் யார் வீட்டுக்குக் கடிதம் வந்தாலும் என்னிடம்தான் வரும். மாத்திரை அட்டையைக்கூட நான் செய்தி வாசிக்கிற குரலில்தான் படிப்பேன்.

இதில் மயங்காதவர் ஒருவர்தான். கருங்குழியில் வாழ்க்கைப்பட்டிருந்த என் கணவரின் அக்கா. எனக்கு அண்ணி. கல்யாணப் பந்தலிலேயே, "படிச்ச பொண்ணு, படிச்ச பொண்ணுன்றீங்களே, படிச்சி இன்னா கிழிச்சா?" என்று கேட்டவர்.

லாரி ஓட்டும் என் கணவர் அந்த வருஷம் பர்மா பஜாரில் ஒரு கேமரா வாங்கி வந்தார். அண்ணி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் ஸ்டுடியோக்காரன் வேல. உன்னால ஆவாதுடி" என்றார். எனக்குச் சுருக்கென்று இருந்தது. "பங்குனி உத்தரத்துக்கு வருவீங்க இல்ல அண்ணி? புள்ளையோட முதல் தீபாவளியிலேர்ந்து காணும் பொங்கல் வரைக்கும் ஆல்பமா போட்டு உங்க கையில கொடுக்கிறேன்" என்று சபதமே போட்டுவிட்டேன்.

கேமராவோடு ஓர் ஆங்கிலப் புத்தகம் வந்தது. ஒரு வரி விடாமல் படித்தேன். படங்களைத்தான் பார்க்கவில்லை. படம் பார்த்துத் தெரிந்துகொள்வது படிக்காதவர்களுக்கு என்று எனக்கு ஓர் எண்ணம்.

தீபாவளி வந்தது, எடுத்தேன். மகனுக்கு முதல் சோறு ஊட்டினோம், எடுத்தேன். பொங்கல், மாட்டுப் பொங்கல், மாமல்லபுரத்துக் கடற்கரையில் காணும் பொங்கல், எல்லாவற்றையும் எடுத்தேன். கேமராவை யாரையும் தொட விடவில்லை. முப்பத்தாறு படம் எடுக்கிற ஃபிலிம், ஐம்பதைத் தாண்டியும் தீரவில்லை.

"அவ கை ராசி, ஊறிக்கினே கீது" என்று என் மாமியார், அத்தை, தெருவெல்லாம் சொல்லி வந்தார். சிக்கனமாக எடுத்தால் அப்படித்தான் என்று நானும் விளக்கம் கொடுத்தேன்.

பங்குனி பிறந்ததும் மதுராந்தகத்தில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனோம். கடைக்காரர் இருட்டறைக்குள் போனவர் உடனே வெளியே வந்தார். "எம்மா, இது நவுரவே இல்லியே. ஃபிலிம் முனையில கீற நாக்க சக்கரத்துல சொருவாம உட்டுட்டீங்க. அப்படியே புத்தம் புதுசா கீது."

என் கணவர் என்னைப் பார்க்கவில்லை. சுவரிலிருந்த யாரோ ஒரு மாப்பிள்ளை படத்தைப் பார்த்துக்கொண்டு, "சிக்கனமாத்தான் எடுத்துகீற" என்றார்.

பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். உத்தரத்துக்குப் பத்து நாள்கூட இல்லை. வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் அத்தை திடுக்கிட்டார்.

"அப்ப தீவாளி இல்லியா?"

"தீபாவளி நடந்துச்சு அத்தை. போட்டோதான் இல்ல."

அத்தை புடவையை இழுத்துச் செருகிக்கொண்டார். "அவ்ளோதானே? போட்டோவுக்கு ஒரு தீவாளி வெச்சிட்டா போவுது."

அந்தப் புத்தகத்தை அவரே எடுத்துப் பிரித்தார். எழுத்து ஒன்றும் தெரியாத அத்தை நேராகப் படத்துக்குப் போனார். "இதோ போட்டுகீறானே, நாக்க இந்த ஓட்டையில சொருவுன்னு!" அவர்தான் ஃபிலிமைச் சொருகினார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டில் தீபாவளி. பரணிலிருந்து மிச்ச மத்தாப்பு இறங்கியது. தலைக்கு எண்ணெய் என்றதும் என் மாமனார், மாமா, பின்வாங்கினார்.

"பங்குனி வெயில்ல எண்ண தேய்ச்சி நிக்க வெச்சா ஆளு வடையாட்டம் பொரிஞ்சிடுவான்டி. சாமிக்கு அடுக்குமா இது?"

"சாமி இன்னா ஆல்பமா பாக்கப் போவுது? குந்து" என்று அத்தை அவர் உச்சியில் ஒரு கை எண்ணெயை வைத்தார்.

வெடிச் சத்தம் கேட்டு எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னா அண்ணாத்த, இன்னா விசேசம்?"

"தீவாளி கொஞ்சம் மிச்சம் இருந்துச்சிப்பா" என்றார் என் கணவர்.

பதினோரு மணிக்கு எல்லோரும் புடவை வேட்டி மாற்றி, பொங்கல். கரும்புக்குத்தான் எங்கே போவது? சீசன் முடிந்து இரண்டு மாதமாகிறது. என் கணவர் இரண்டு சவுக்குக் கன்றை வெட்டி வந்து, கிளை கழித்து, உச்சியில் தென்னங்கீற்றைக் கட்டி வாசலில் நட்டார். "எட்ட நின்னு எடு. கரும்பாட்டம்தான் தெரியும்." பானை பொங்கியபோது நாங்கள் போட்ட கூச்சலில் பாதித் தெரு கூடிவிட்டது. மாட்டுக்கு மட்டும் எந்தக் கேள்வியும் இல்லை. இரண்டாம் தடவையும் கொம்புக்கு வர்ணம் அடித்துக்கொண்டு, பொங்கலைத் தின்றுவிட்டுப் போனது. காணும் பொங்கல் வருவதற்குள் ஃபிலிம் தீர்ந்துபோனது. இந்த முறை சரியாக முப்பத்தாறு.

உத்தரத்துக்கு முதல் நாள் அண்ணி வந்தார். காப்பியைக்கூடக் குடிக்கவில்லை. "எங்கடி ஆல்பம்?"

முதல் பக்கத்தைப் பார்த்தார். "தீவாளிக்கே புள்ளைக்கு நாலு பல்லா?"

"எங்க வம்சம் அப்படி" என்றார் அத்தை.

"நானும் அதே வம்சம்தானேம்மா! எனக்கு ஒரு வயசுக்கு மேலதான் மொளச்சிச்சின்னு நீதானே சொல்லுவ?"

அடுத்த பக்கம். படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். தள்ளிப் பிடித்தார். பிறந்ததிலிருந்து சவுக்குத் தோப்புக்கு நடுவில் வளர்ந்த கண். "ஏன்டா, பொங்கலுக்குச் சவுக்கயா கடிச்சீங்க?"

"அது புது ரகம்க்கா" என்றார் என் கணவர்.

மாமா மெதுவாக எழுந்து மாட்டைப் பார்க்கப் போனார். அத்தை அடுத்த பொய்க்குத் தயாராவது தெரிந்தது. எனக்காக இந்த வயதில் இவ்வளவு பொய்யா என்று கூச்சமாகிவிட்டது. நானே எல்லாவற்றையும் சொன்னேன். நாக்கைச் சொருகாதது, ஐம்பது படம், சிக்கனம், ஒன்று விடவில்லை. சொல்லி முடித்து, "என்னால ஆவாதுன்னு நீங்க சொன்னது சரிதான் அண்ணி" என்றேன்.

அண்ணி முந்தானையால் வாயைப் பொத்தினார். தோள் குலுங்கியது. அவர் அழுகிறார் என்று நினைத்த என் மகனும் அழ ஆரம்பித்தான். "எண்ண வெச்ச மூஞ்சப் பாரு, நைனா மூஞ்ச!" என்று தன் அப்பாவின் படத்தைக் காட்டிச் சிரித்துச் சிரித்து அண்ணிக்கு விக்கலே வந்துவிட்டது. தண்ணீர் குடித்த பிறகு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "வூட்டுக்குக் கிரைண்டர் வந்தப்போ அரிசியே போடாம அரை மணி நேரம் ஓட்டினவடி நானு. யார்கிட்டயும் சொல்லிடாத" என்றார்.

மறுபடி ஆல்பத்தை முதலிலிருந்து புரட்டினார். "ஆமா, இதுல நீ எங்க?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. ஒரு படத்திலும் நான் இல்லை.

"காணும் பொங்கல் பாக்கி கீது இல்ல? கிளம்புங்க" என்றார் அண்ணி.

உத்தரம் முடிந்த மறுநாள், புது ஃபிலிமோடு எல்லோரும் பஸ் ஏறி மாமல்லபுரம் போனோம். பொங்கல் வேட்டியில் மாமா, கூடை நிறையக் கட்டுச்சோற்றோடு அத்தை. மணலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களிடம், "எங்களுக்கு இன்னிக்குத்தான் காணும் பொங்கல்" என்று அத்தை சொன்னார். அவர்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள்.

அண்ணி என் கையிலிருந்து கேமராவைப் பிடுங்கினார். பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொள்ளச் சொன்னார். "கண்ண சிமிட்டாத. பல்லக் காட்டாத. சரி, காட்டு" என்று அதட்டி ஒரே ஒரு படம் எடுத்தார்.

ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் அது இருக்கிறது. கடல் ஒரு பக்கம் சாய்ந்து ஊற்றுகிறது. பிள்ளை பளிச்சென்று விழுந்திருக்கிறான். எனக்குக் கழுத்து வரைதான் இருக்கிறது. தலை இல்லை.

இன்றைக்கும் விருந்தாளி வந்தால் அண்ணி நேராக அந்தப் பக்கத்தைத்தான் திறப்பார். "நான் புடிச்சது" என்பார்.

யாராவது "இது யாரு?" என்று கேட்டால், "இதுவா? எங்க வூட்டு படிச்ச பொண்ணு" என்பார்.