பீங்கான் தட்டில் கத்தி

கறுப்பு பீன்ஸ் சாப்பிட்ட தட்டுகளை ஜசீரா கழுவிக்கொண்டிருந்தாள். பிரேசிலின் வடக்கே பாயியாவிலிருந்து ரியோவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து, ஞாயிற்றுக்கிழமை சாம்பா பாட்டும் மேளமும் என்றால் கணவன் ஒஸ்மார் முற்றத்தில், அவள் சமையலறையில்.

இன்று அவள் ஊர்க்காரர்களும் வந்து, இரண்டு கூட்டமும் சேர்ந்து ஒரு பழைய பாட்டை எடுத்திருந்தார்கள். ரியோ மேளத்தோடு பாயியாத் தாளம் ஒட்டவேயில்லை. அவள் ஊரில் பெண்கள் பீங்கான் தட்டின் விளிம்பில் கத்தியை உரசித்தான் அந்தத் தாளத்தைப் பிடிப்பார்கள். ஈரக்கையோடு ஜசீரா உரசத் தொடங்கினாள். வெளியே பாட்டு ஒரு நிலைக்கு வந்தது.

பாயியாப் பாடகன் எடிவால்டு உள்ளே ஓடிவந்தான். "அக்கா, நீங்கதானா அது! நாளைக்கு ரெக்கார்டிங்குக்கு வந்துடுங்க."

பின்னாலேயே வந்த ஒஸ்மார் சிரித்தான். "இவளா? தட்டு கழுவுற சத்தத்துக்கு மயங்கிட்டியேப்பா! அவளுக்கு இதுலெல்லாம் ஆசையே கிடையாது."

"உங்களத்தான் கேக்கறேன்க்கா. வர்றீங்களா?"

ஆசை இருக்கிறது என்று சொன்னால், இத்தனை வருஷம் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று ஒஸ்மார் கேட்பான். ஜசீரா குழாயைத் திறந்து, கையிலிருந்த தட்டைக் கழுவத் தொடங்கினாள்.

எடிவால்டு திரும்பி வெளியே போனான்.