ரேடியோவுக்காக அடைத்த வாசல்

என் மூத்தார், அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணன், சென்னையிலிருந்து ரேடியோ வாங்கி வந்தபோது நான் தாலியறுத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. திண்டிவனத்தில் அந்த வீட்டை அண்ணனும் தம்பியும் முன்பே பாகம் பிரித்து நடுவில் மண் சுவர் எழுப்பியிருந்தார்கள். கிணறு பொது என்று பேச்சு. ஆனால் அது அவர்கள் பக்கம் போய்விட்டது. நான் குடத்தோடு தெருவைச் சுற்ற வேண்டாமென்று என் வீட்டுக்காரர்தான் அந்தச் சுவரில் ஒரு வாசல் விட்டுக் கதவு போட்டார்.

ரேடியோ கனமான மரப்பெட்டி. பிள்ளைத்தாய்ச்சியைத் தாங்குவது போல இரண்டு பேர் பிடித்து வண்டியிலிருந்து இறக்கினார்கள். பிள்ளைகள் கைக்கு எட்டக்கூடாது, தெருவில் போகிறவர்கள் கண்ணில் படவேண்டும். அதனால் நடுச்சுவரில் உயரமாகப் பலகை அடித்தார்கள். வெறும் பலகையையே சுவர் தாங்கவில்லை. ஆணி மண்ணோடு பெயர்ந்து வந்தது.

கொத்தனாரைக் கூப்பிட்டார்கள். அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"மண்ணு செவுரு. நடுவுல வாசப்படி வேற. இந்த வாசப்படிய செங்கல்லு வெச்சி அடைச்சிட்டா, அதுமேலயே பலகைய ஒக்கார வெச்சிடலாம். ஆனை ஏறினாலும் தாங்கும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "என்னாம்மா, அடைச்சிடட்டுமா? தண்ணிக்கு நீங்க இப்படித்தான வர்றீங்க?" என்று கேட்டார்.

மூத்தார் பக்கத்திலேயே நின்றிருந்தார். எங்களில் தம்பி பெண்டாட்டி மூத்தார் எதிரில் நிற்கமாட்டாள், பேசமாட்டாள். சொல்ல வேண்டியதை ஓரகத்தியிடம், அதாவது அவர் பெண்டாட்டியிடம், சொன்னால் அவள் போய்ச் சொல்லுவாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் முகத்தை நான் நேராகப் பார்த்ததில்லை. எனக்குக் கூச்சமும் அதிகம்.

கதவுக்குப் பின்னாலிருந்து ஓரகத்தியைப் பார்த்து, வேண்டாமென்று கையை ஆட்டினேன். அவள் மல்லாட்டையை உடைத்துக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். என் கையை நன்றாகப் பார்த்தாள். பார்த்துவிட்டு முறத்தில் குனிந்துகொண்டாள்.

"ஒண்ணும் சொல்லலியே. சம்மதந்தான். ஜல்தி ஆரம்பி" என்றார் மூத்தார்.

கதவைக் கழற்றினார்கள். அதையே அறுத்து ரேடியோவுக்குப் பலகை செய்தார்கள். செங்கல் வரிசை என் இடுப்புக்கு வந்தது, கழுத்துக்கு வந்தது. அப்புறம் அந்தப் பக்கம் தெரியவில்லை.

சுவர் காய்கிற வரைக்கும் தெருவைச் சுற்றி அவர்கள் வீட்டுக்குள் நுழைந்து தண்ணீர் எடுத்தேன். ரேடியோ ஏறிய அன்று கூடம் நிறைய ஜனம். "நாலு பேரு ஒக்காந்து கேட்டுக்கினு இருக்கற எடம். ஈரக் கொடத்தோட குறுக்க வராத" என்று ஓரகத்தி வாசலிலேயே மறித்தாள். நாளைக்கு வரட்டுமா என்றேன். நாளைக்கும் ரேடியோ இருக்கும் என்றாள்.

எப்படி வாய் வந்ததோ தெரியவில்லை. அவளைத் தாண்டிப் போய் மூத்தார் எதிரில் நின்றேன்.

"அது உங்க தம்பி வெச்ச வாசப்படி. கெணத்துல எனக்கும் பங்கு இருக்குது. தண்ணிக்கு நான் எங்க போவேன்?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. பெண்டாட்டியிடம் சொன்னார்: "செய்தி படிக்கிறாங்க. நடுவுல ஏதோ சத்தம் வருது பாரு."

உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். ஓரகத்தி சும்மா விடவில்லை. "வாசப்படி இருந்தவரைக்கும் வாய் இல்ல. அத்த அடைச்சதும் இது தொறந்துகிச்சி" என்றாள். அதற்கும் சிரித்தார்கள்.

மறுநாளிலிருந்து தெருவில் ஒரே பேச்சு. வாசலை அடைத்ததைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. மூத்தார் எதிரில் நின்று பேசிவிட்டாள் என்பதுதான் பேச்சு. அடுத்த தெருக் குழாயில் என் குடத்தைக் கடைசியில் தள்ளி வைத்தார்கள்.

விழுப்புரத்திலிருந்த என் அண்ணனுக்குச் சொல்லியனுப்பினேன். ஆம்பிளை வந்து நியாயம் கேட்டால் சுவரை இடித்துவிடுவார்கள் என்று நம்பினேன். பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அவரு எதிர்ல நின்னா பேசின?"

ஆமாம் என்றேன். அந்தப் பக்கம் மன்னிப்புக் கேட்கப் போனான். வெகுநேரம் சுவர் வழியாகப் பாட்டும் சிரிப்பும் கேட்டன. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கியது.

காப்பி குடித்த வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தான். வாசல் இருந்த இடத்தை உள்ளங்கையால் தட்டிப் பார்த்தான்.

"நல்லாத்தான் கட்டியிருக்கறாங்க" என்றான்.