ஏலக்காய் மணத்த ஜெர்மன்காரன்

போன மாதம் ராசிங்காபுரத்தில் ஒரு காதுகுத்து. பந்திக்குக் காத்திருந்தபோது பக்கத்தில் ஒரு குழந்தை பிளாஸ்டிக் குதிரை ஒன்றைத் தரையில் ஓட்டிக்கொண்டிருந்தது. என் கை சும்மா இருந்திருக்கலாம். குதிரையை வாங்கித் தலைகீழாகத் திருப்பி, வயிற்றைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்து, போதாதென்று முகர்ந்தும் பார்த்துவிட்டேன். குழந்தை வீலென்று அலறியது. அதன் அம்மா, எனக்கு மருமகள் முறை, "குதிரையக் கடிச்சிறாதீக மாமா, வெரசாப் பந்தி போட்ருவாக" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். ஆனால் அந்தப் புதுப் பிளாஸ்டிக் வாசனை மூக்கிலேயே நின்றது. இலையில் பாயசம் விழுந்ததும் ஏலக்காய் வாசனையும் அதோடு சேர்ந்துகொண்டது. அதற்கப்புறம் நான் பந்தியில் இல்லை. எண்பதுகளில் இருந்தேன்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. போடியில் ஒரு ஏலக்காய்க் கமிஷன் கடையில் வேலை. சாயம் பார்ப்பது என் பொறுப்பு. வெளுத்துப்போன பழைய காய்க்குப் பச்சைச் சாயம் ஏற்றிப் புதுக்காய் என்று தள்ளிவிடும் புண்ணியவான்கள் அன்றும் உண்டு. ஈர வெள்ளைத் துணியில் நாலு காயை வைத்துக் கசக்கினால் குட்டு வெளிப்பட்டுவிடும். "இவன் கண்ணுக்குத் தப்பி ஒரு மூட்ட போகாது" என்று முதலாளி பெருமையாகச் சொல்லுவார். அவர் சொல்லாத நாட்களில் நானே சொல்லிக்கொள்வேன்.

இந்தச் சாயப் புலிக்கு ஒரு ரகசிய வியாதி இருந்தது. பிளாஸ்டிக் பொம்மை சேர்ப்பது. விரல் உயரச் சிப்பாய்கள், குதிரைவீரர்கள், சுருக்குக் கயிறு வீசும் தொப்பிக்காரர்கள். வீட்டில் எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் கட்டிலுக்கடியில் மூன்று பிஸ்கட் டப்பா நிறையப் பொம்மைகள். பெண் வீட்டார் தப்பித்தவறிக் குனிந்துவிட்டால் என்னாவது என்று கட்டிலைச் சுற்றிப் பழைய வேட்டியைத் தொங்கவிட்டிருந்தேன். அதைப் பார்த்துத்தான் ஒரு பெண் வீட்டார் "பையனுக்கு மூட்டைப்பூச்சித் தொந்தரவோ?" என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லித் தப்பித்தேன். அந்தச் சம்பந்தமும் தப்பித்துக்கொண்டது.

பொம்மையின் ஊரைக் கண்டுபிடிப்பது ஒரு தனி வித்தை. முதலில் திருப்பி அடியைப் பார்க்க வேண்டும். ஹாங்காங் என்று பொடி எழுத்து இருக்கும். இல்லாவிட்டால் விலாவில் விரலை ஓட்டினால் அச்சுக் கோடு தட்டும். கண்ணுக்கு வைத்த மை கன்னத்தில் இருக்கும். முதுகுக்கு வர்ணமே கிடையாது, முதுகை யார் பார்க்கப் போகிறார்கள் என்ற தைரியம். இங்கிலாந்துச் சிப்பாய் நிற்கும் தகடு இரும்பு. கையில் வைத்தால் ஓர் அதிகாரம் தெரியும். பிரான்சில் காப்பிப் பொட்டலத்துக்குள்ளேயே பொம்மை வைத்து விற்றார்களாம். நம் ஊர்க் காப்பிப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தால் சிக்கரிதான் இருந்தது. நம் நாட்டுத் திருவிழாக் கடைச் சிப்பாயோ உள்ளே பொள்ளல், ஊதினால் படுத்துவிடுவான்.

இவ்வளவும் பேசிக் கேட்க எனக்கு ஒரே ஓர் ஆள்தான் இருந்தான். செல்வம். போடியிலிருந்து குரங்கணிக்கு வாடகை ஜீப்பு ஓட்டினான். மேலே எஸ்டேட் பங்களாக்களில் கழித்துப்போடும் பொம்மைகளை எனக்குக் கொண்டுவந்து கொடுப்பவனும் அவன்தான். ஒருநாள் மத்தியானம் கடைக்கு வந்தான்.

"கண்ண மூடிக்கிட்டுக் கைய நீட்டு மாப்ளே."

நீட்டினேன். கண்ணைத் திறந்தால், மண்டியிட்டுத் துப்பாக்கி பிடித்த பச்சைச் சிப்பாய். நல்ல கனம்.

"மேற்கு ஜெர்மனி" என்றான்.

"அடியில பேரே இல்லையேடா?"

"ஜெர்மங்காரன் பேரு போடுவானா? பாத்தாலே தெரியணும்னு விட்ருவான்."

எவ்வளவு பொருத்தமான பதில் பாருங்கள். நான் தலையாட்டினேன். பதிலுக்கு என்னிடமிருந்த ஆறு சிவப்புக் கோட்டு இங்கிலாந்துக்காரர்களைக் கேட்டான். என் டப்பாக்களில் ராஜா அவர்கள்தான். "ஒனக்கெதுக்குடா?" என்றேன். "ஏன், எனக்கு ஆசை வரக் கூடாதா மாப்ளே?" என்றான். அந்த ஒரு வார்த்தையில் விழுந்தேன். ஊரில் இன்னொருவனுக்கும் இந்த வியாதி தொற்றிவிட்டது, இனி நான் தனிப் பைத்தியம் இல்லை என்ற சந்தோஷத்தில் ஆறு பேரையும் பஞ்சு வைத்துச் சுற்றிக் கொடுத்தேன்.

அந்தச் சமயம் மெட்ராஸிலிருந்து மாற்றலாகி வந்திருந்த ஒரு வங்கி அதிகாரிக்கும் சின்ன வயதிலிருந்தே பொம்மைப் பழக்கம் என்று கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்கு அழைத்தேன். வெள்ளை வேட்டியில் வந்தார். ஒவ்வொரு பொம்மையாகப் பார்த்தார். கடைசியாக ஜெர்மன்காரனை மேளதாளம் இல்லாத குறையாக எடுத்துக் கொடுத்தேன். திருப்பினார், தடவினார், முகர்ந்தார்.

"ஏங்க, இவன் மேல ஏலக்கா வாசனை அடிக்குதே?"

எனக்கு ஒன்றும் அடிக்கவில்லை. காலையிலிருந்து இருட்டும்வரை ஏலக்காய்க்குள் கிடப்பவன் நான். எங்கள் ஊரில் பஸ் சீட்டு மணக்கும், தலையணை மணக்கும், சலூன்காரர் போர்த்துகிற துணியும் மணக்கும். போடிக்காரன் மூக்குக்கு அது வாசனையே இல்லை, காற்று. "இங்க எல்லாமே மணக்கும் சார்" என்று வாங்கி அடியை அழுத்தினேன். கைச்சூட்டில் இளகியிருந்த மெழுகு அடைப்பு பொத்தென்று கழன்றது. உள்ளிருந்து ஏலக்காய்த் தோலும் விதையில்லாத சாவிக்காயும் கொட்டி அவர் வேட்டி முழுக்கச் சிதறின. என் வேர்த்த உள்ளங்கை பச்சையாக இருந்தது.

திருவிழாக் கடைப் பொள்ளல் சிப்பாய். கனத்துக்கு உள்ளே கழிவு, நிறத்துக்கு வெளியே சாயம். நான் தினமும் கசக்கிக் கண்டுபிடிக்கிற அதே சாயம்!

அடுத்து நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. "குளிச்சிட்டு வந்திர்றேன் சார்" என்று கொல்லைப்பக்கம் ஓடிவிட்டேன். ஓடியதோடு நிற்காமல் நிஜமாகவே குளித்தேன். விருந்தாளியை நடுவீட்டில் உட்கார வைத்துவிட்டு ஒரே காலையில் இரண்டாம் முறை குளித்தவன் போடியில் நான் ஒருவன்தான். திரும்பி வந்தபோது அவர் தோலையெல்லாம் பொறுக்கி ஒரு தாளில் மடித்து வைத்துவிட்டுப் போயிருந்தார். நல்ல மனிதர்.

மறுநாள் கடைக்குப் போகவில்லை. குரங்கணி வரை ஜீப்பில் போய், அங்கிருந்து, செல்வம் வாடகை ஜீப்பை விட்டுவிட்டு டிரைவராகப் புதிதாகச் சேர்ந்திருந்த எஸ்டேட்டுக்கு நடந்தேன். வழியெல்லாம் வசனம் தயார் செய்தேன். நம்பிக்கைத் துரோகி என்று தொடங்கி ஏழெட்டு வரிகள். ஒவ்வொரு வளைவிலும் மூச்சு வாங்கியதில் ஒவ்வொரு வரியாக உதிர்ந்து, பங்களா வாசலில் மிஞ்சியது "டேய்" மட்டும்.

செல்வம் வெள்ளை உடுப்பும் தொப்பியுமாக மேனேஜரின் காரைக் கழுவிக்கொண்டிருந்தான். வராந்தாக் கட்டையில் என் ஆறு சிவப்புக் கோட்டும் வரிசையாக நின்றன.

"டேய்."

"சத்தம் போடாத மாப்ளே, தொரை தூங்குறாரு."

"என்னடா இதெல்லாம்?"

"தொரை மகன் செவப்புக் கோட்டுப் பொம்மைன்னா உசிர விடுவான். எத்தன வருசம் வாடக ஜீப்புலயே கெடக்குறது? நெரந்தரச் சோலிடா. வீடும் குடுத்துருக்காக."

"எங்கிட்டக் கேட்டிருந்தாக் குடுத்திருப்பேனேடா."

அவன் துணியைப் பிழிந்தான். "குடுத்திருப்ப. குடுத்துட்டு, பொம்மையக் குடுத்துச் சோலி வாங்குன பயன்னு சாகுற வரைக்கும் சொல்லிச் சிரிச்சிருப்ப. நான் லைசென்சுக்கு மூணு தடவ போய்த் தோத்தத டீக்கடையில நடிச்சுக் காட்டுனவன்தான நீ?"

எதற்கும் பதில் வைத்திருப்பவன் நான். அன்றைக்குப் பதிலை விட்டுவிட்டு வேறொன்று கேட்டேன்.

"நெசமாச் சொல்லு. ஒனக்குப் பொம்ம மேல ஆசையே இல்லையா?"

"எனக்கெதுக்கு மாப்ளே பொம்ம?"

ஆறு பேர் போனதுகூட அப்படி வலிக்கவில்லை.

மிச்சப் பொம்மைகளைக் கேட்ட குழந்தைகளுக்கெல்லாம் கொடுத்துத் தீர்த்தேன். இப்போது அந்தப் பங்களாவில் சுற்றுலாக்காரர்கள் தங்குகிறார்கள். ஏலக்காய் ஏலம் விடும் மண்டபத்தில் கூச்சல் இல்லை. ஆளுக்கொரு திரைமுன் உட்கார்ந்து பொத்தானைத் தட்டுகிறார்கள். சாயம் பார்க்க மெஷின் வந்துவிட்டது. சில வருஷங்களுக்கு முன்னால் போடி பஸ் ஸ்டாண்டில் செல்வத்தைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது. அவனை ஒரு வார்த்தை கிண்டல் செய்ய நாக்கு நுனியில் வந்துவிட்டது, விழுங்கிவிட்டேன். அவன் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"நல்லாருக்கீங்களா சார்?" என்றான்.

நல்லாயிருக்கிறேன் என்றேன். அவன் ஏற வேண்டிய மதுரை பஸ் கிளம்பும்வரை பக்கத்தில் பக்கத்தில்தான் நின்றிருந்தோம்.