பதிவேட்டில் நான் எழுதிய 'இந்து'

எழுபதுகளின் கடைசியில் நானும் என் மனைவியும் போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் இருந்தோம். அவள் காய் எடுக்கப் போவாள். பத்தாவது படித்தவன் என்பதால் எனக்கு ஆள் வருகை எழுதுகிற வேலை. ஒருநாள் மலையாளி மேனேஜர் புதுப் பதிவேடு ஒன்றைக் கொடுத்து, எல்லாருடைய ஊரையும் மதத்தையும் எழுதச் சொன்னார்.

"மதம்னா என்னப்பு? எங்களுக்குக் கருப்பசாமி" என்றார் ஒரு பெரியவர். பக்கத்து வீட்டு அம்மா தன் சாமி சீலைக்காரி என்றாள். எனக்குச் சிரிப்பு. எல்லாருக்கும் 'இந்து' என்று எழுதினேன். அதோடு விட்டேனா? வடக்கே சிந்து என்று ஓர் ஆறு, பாரசீகர்கள் வாயில் அது ஹிந்து ஆனது, ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருந்தவர்களுக்கெல்லாம் அதுவே பெயரானது, மதத்துக்குப் பெயரானது வெகுகாலம் கழித்து என்று விளக்கம் வேறு. அரைகுறைப் படிப்புக்கு வாய் நீளம்.

அதுவரை, சாமி கும்பிடப் போகிறோம் என்றால் லீவு கிடைத்துவிடும். பதிவேடு வந்த பிறகு மதத்துக்கு இத்தனை நாள் என்று மேனேஜர் பட்டியல் போட்டுவிட்டார்.

சிவராத்திரி வந்தது. சிலமலைப் பக்கம் இருக்கும் எங்கள் குலதெய்வக் கோயிலில் பங்காளிகள் எல்லாரும் கூடும் நாள். என் மகளுக்கு மூன்று வயது. முதல் முடியைச் சாமிக்கு இறக்கும்வரை கத்திரி படக்கூடாது என்பதால் முடி கண்ணை மறைத்துத் தொங்கியது. மடியில் உட்கார்த்தி மொட்டையடிக்கத் தாய்மாமன் ஊரில் காத்திருந்தான். லீவு கேட்டேன்.

மேனேஜர் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். "நீ எழுதியதல்லே? இந்துவுக்குத் தீபாவளி உண்டு, பொங்கல் உண்டு. சிவராத்திரி இல்லா."

வீட்டில் சொன்னேன். "அப்ப அந்தச் சிந்து ஆத்துக்காரங்களை வரச்சொல்லி பிள்ளைக்கு முடியெடுக்கச் சொல்லுங்க" என்றாள் மனைவி.

மறுநாள் காலையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டாள். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் நான் போகவில்லை. அவள் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று என் கையாலேயே எழுதினேன். வெட்கமாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து, மொட்டைத் தலையில் சந்தனத்தோடு மகள் ஓடிவந்தாள். தடவிப் பார்த்தேன்.

"பங்காளிக என்னைக் கேட்டாகளா?" என்றேன் மனைவியிடம்.

"கேட்டாக. அவரு இந்து, அவருக்குத் தீபாவளிக்குத்தான் லீவுன்னு சொன்னேன்."