ரயிலேறிப் போன மூதேவி

எழுபத்தைந்தோ எழுபத்தாறோ, ஆடிக் கிருத்திகைக் கூட்டம் கலைந்து, திருத்தணி முழுக்கக் காவடிப் பூவும் சேறுமாகக் கிடந்த சமயம். அங்கே ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியையாக நான் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. படித்து முடித்த சூடு. பிள்ளைகளுக்கு மாம்பழமும் பூந்தொட்டியும் வரையச் சொல்லிக்கொடுத்து அலுத்துப்போயிருந்தேன். பல்லவர் சிற்பம் எப்படி இருக்கும், சோழர் சிற்பம் எப்படி மாறியது என்று காட்ட வேண்டும். புத்தகத்தில் இருந்த படங்களோ தபால்தலை அளவு. அதிலும் பாதி மை அப்பிக் கிடக்கும்.

சென்னை மியூசியத்தில் பள்ளிகளுக்கென்று ஒரு பெட்டி இரவல் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், அடுத்த சனிக்கிழமையே ரயிலேறிப் போய் வாங்கி வந்துவிட்டேன். உள்ளே பெரிய பெரிய புகைப்படங்கள், விளக்கத் தாள்கள், வைக்கோலில் பொதிந்த சில பிளாஸ்டர் சிலைகள். கல் சிலையிலிருந்து அச்செடுத்து வார்த்தவை. அவற்றில் ஒன்று, ஒரு முழ உயரத்தில், கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்த பெண். சரிந்த வயிறு, தடித்த உதடு, மேலே காக்கைக் கொடி, ஒரு பக்கம் மாட்டுத்தலை மகன். மூதேவி. பல்லவர் காலத்தில் ஊர் ஊராகக் கோயிலில் வைத்துக் கும்பிட்டவளை, பிற்பாடு தூக்கி வெளியே போட்டுவிட்டார்கள். அந்தக் கதையைச் சொல்லத்தான் எனக்கு எத்தனை ஆசை!

வகுப்பில் ஒரே சிரிப்பு. நெசவாளர் தெருவிலிருந்து வரும் ஒன்பதாம் வகுப்புப் பெண் எழுந்து, “எங்கம்மா தினம் காலைல என்னைத்தான் டீச்சர் அப்டிக் கூப்புடுது. எனக்கும் ஒரு கோயில் கட்டுவாங்களா?” என்று கேட்டாள். கண்ணை மூடிச் சிலையைக் கையால் தடவிப் பார்த்து, பிறகு வரைய வேண்டும் என்றேன். மற்றவர்கள் தயங்கி நின்றார்கள். அவள்தான் சிலையை மடியில் வைத்துக்கொண்டு, மூக்கு, உதடு, வயிறு என்று நிதானமாகத் தடவினாள். அவள் வரைந்ததைப்போல் ஒரு படத்தை நான் கல்லூரியில்கூடப் பார்த்ததில்லை.

நான்கைந்து நாளில் அவள் வகுப்புக்கு வருவது நின்றது. காய்ச்சல் என்றார்கள். திருவிழாக் கூட்டம் வந்துபோனால் ஊரில் காய்ச்சல் வருவது வழக்கம்தான். ஆனாலும் மனசு கேட்காமல் அவள் வீட்டுக்குப் போனேன். தறி நின்றிருந்தது. பாயில் கிடந்தவள், உதடு வெடித்து, என்னை யாரென்றே தெரியாமல் ஏதோ பிதற்றிக்கொண்டிருந்தாள். அரசு ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளித்தான். ஏன் இன்னும் தூக்கிக்கொண்டு போகவில்லை என்று அவள் அப்பாவிடம் கத்திவிட்டேன்.

“செத்த காலேஜ்லேர்ந்து மூதேவியக் கொண்ணாந்து ஊருக்குள்ள குந்த வச்சிட்டு, என்னையா கேக்குறீங்க டீச்சரம்மா?”

எங்கள் பக்கத்தில் மியூசியத்துக்குச் ‘செத்த காலேஜ்’ என்றுதான் பெயர். அவர் கணக்கு இது: பெண் பிள்ளை வீட்டுக்கு ஸ்ரீதேவி. மூதேவி ஊருக்குள் இருக்கும்போது ஸ்ரீதேவி வாசற்படி தாண்டினால், அந்த இடத்தில் மூதேவி வந்து உட்கார்ந்துவிடுவாள். போனவள் திரும்ப மாட்டாள்.

“அது வெறும் பிளாஸ்டருங்க” என்றேன்.

“மலை மேல இருக்கறதும் கல்லுதான் டீச்சரம்மா. கும்புட்டா கேக்குதில்ல?” என்னைக் கும்பிட்டார். “அது ஊரத் தாண்டட்டும். என் கண்ணால பாத்துட்டா, அடுத்த நிமிசம் புள்ளயத் தூக்கிகினு ஓடறேன்.”

கல்மனசுக்காரர் இல்லை. மகள் முனகும்போதெல்லாம் அவர் முகம் கோணியது.

பள்ளிக்கு ஓடினேன். விஷயத்தைக் கேட்ட அறிவியல் சார் குறுக்கே நின்றார். “எடுக்காதீங்க. இன்னிக்கு பொம்மைய எடும்பான், நாளைக்குப் பாடத்தையே எடும்பான்.”

“அந்தப் பொண்ணு செத்துப்போயிட்டா என்ன சார் பண்றது?”

“இப்டிப் பொழச்சா, மூதேவி போனதாலதான் பொழச்சான்னு ஆயிடும். அடுத்த பொண்ண யாரு காப்பாத்துவா?”

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அதை யோசிக்க அவகாசமில்லை. சிலையை வைக்கோலில் சுற்றிப் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டேன். விஷயம் தெரிந்த ஜட்காக்காரர், “சவாரி வாணாம்மா” என்று குதிரையைத் திருப்பிக்கொண்டார். நடந்தேன். நான் போகப் போகக் கதவுகள் சாத்திக்கொண்டன. யாரோ என் பின்னால் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். அதற்கும் பின்னால், கொஞ்சம் எட்டத்தில், அவள் அப்பா.

ஸ்டேஷனில் வண்டி தாமதம். “நான் கட்டாயம் ஏறிடுவேன், நீங்க போய் அவளைத் தூக்குங்க” என்று கெஞ்சினேன். அசையவில்லை. “வண்டி வரலியே டீச்சரம்மா, வண்டி வரலியே” என்று தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சரக்கு வண்டி போனது. வெயில் பிளாட்பாரத்தில் நகர்ந்துகொண்டே இருந்தது. அந்த நேரமெல்லாம் அவள் பாயில் கிடக்கிறாள். கடைசியில் வண்டி வந்து, நான் ஏறி, அது நகர்ந்த பிறகுதான், வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு அவர் ஊரைப் பார்த்து ஓடுவதை ஜன்னல் வழியே பார்த்தேன்.

அரக்கோணத்தில் ஏறிய பூக்காரம்மா, “பொட்டில இன்னாம்மா?” என்றார். வாயில் வந்தபடி “அம்மன் சிலை” என்றேன். கன்னத்தில் போட்டுக்கொண்டு, பெட்டிமேல் ஒரு கிள்ளு மல்லிகை வைத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவளுக்கு வந்திருந்தது டைபாய்டு. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் கஷ்டம் என்றாராம் டாக்டர். பிழைத்துக்கொண்டாள். முடியெல்லாம் கொட்டி, ஒரு காது கேட்காமல் போயிற்று. ஊரில் பேச்சு வேறு: மூதேவி வண்டியேறின நேரத்துக்கே ஜுரம் இறங்கிவிட்டதாம். இனி மியூசியப் பெட்டியே வேண்டாம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள்.

பல மாதம் கழித்து அவள் வகுப்புக்கு வந்தாள். அவள் வரைந்த படத்தைப் பத்திரமாக வைத்திருந்து நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“அத்தக் காட்டாதீங்க டீச்சர். கிழிச்சிடுங்க.”

ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்தால்தான் நீ பிழைத்தாய் என்றேன். தண்ணீரால் வந்த காய்ச்சல், சிலையால் வந்ததில்லை என்றேன். கேட்கும் காதை என் பக்கம் திருப்பி, நான் முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டாள். “ஆங், டீச்சர்” என்றாள். ஒரு வார்த்தைகூட அவள் நம்பவில்லை என்று தெரிந்தது.

படத்தை நான் இதுவரை கிழிக்கவில்லை. மறுபடி அப்படி நேர்ந்தாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குத்தான் நடப்பேன். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு மூதேவியின் முகத்தைப் பயமில்லாமல் தடவிய அந்தப் பெண்ணையும் அன்று சிலையோடு ரயிலேற்றி அனுப்பிவிட்டேன், அவள் இன்னும் திரும்பி வரவில்லை என்ற ஆதங்கம் மட்டும் எனக்கு ஆறவே இல்லை.