ரெகுலேட்டர் அண்ணன்

‘டக், டக்’ என்று திருகிக்கொண்டே கணினித் திரையைப் பார்க்கிறார். கையில் இருப்பது பழைய ஃபேன் ரெகுலேட்டர். ஒயரும் கிடையாது, ஃபேனும் கிடையாது. யோசனை ஓடினால் அது திரும்பும். நிரல்களில் பிழை பிடித்துப் பிழைப்பு நடத்தும் எனக்குப் பக்கத்து நாற்காலி. அந்தச் சத்தம் தலைவலி. ஆபீசில் அவருக்குப் பெயரே ரெகுலேட்டர் அண்ணன்.

ஜாவாஸ்கிரிப்டில் நிரல் எழுதுகிறவர். டீயைப் பாதி குடித்துவிட்டு மறந்துபோவார். சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வருவார். வேலையில் மட்டும் விடாக்கண்டர்.

ஒரு மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்துக்குத் திரை செய்துகொண்டிருந்தோம். உள்ளே அறுவை சிகிச்சை எந்த நிலையில் இருக்கிறது என்று வெளியே உள்ள உறவினருக்கு அது சொல்ல வேண்டும். காத்திருப்பு, நடக்கிறது, ஒத்திவைப்பு, முடிந்தது. ஒவ்வொன்றுக்கும் தனியாக ஓர் ஆம்-இல்லைக் குறி. சோதித்தபோது ஒரே நோயாளிக்கு ‘நடக்கிறது’, ‘முடிந்தது’ இரண்டும் சேர்ந்து எரிந்தன. அடக் கடவுளே!

“முடிஞ்சதும் மத்தத அணைச்சிடுங்க, அவ்வளவுதானே?” என்று பூசி மெழுகப் பார்த்தார் மேலாளர்.

“இன்னிக்கு ஒன்ன அணைப்பீங்க சார், நாளைக்கு இன்னொன்ன மறந்துடுவீங்க.” அண்ணன் ரெகுலேட்டரை அவர் மூக்குக்கு நேரே திருப்பினார். “இது ஒரே நேரத்துல ரெண்டுலயும் மூணுலயும் நிக்குமா? வெளிய உக்காந்திருக்கறவங்க எத நம்புவாங்க?”

எல்லாக் குறிகளையும் அழித்தார். ‘நிலை’ என்று ஒரே மாறி, ஒரு பெட்டி மாதிரி. அதில் ஒரே சொல். புதுச் சொல் வந்தால் பழையது தானே போய்விடும். ஒப்படைப்பு தள்ளிப்போயிற்று. மேலாளர் உர்ரென்று இருந்தார். எனக்கோ கொள்ளைச் சந்தோஷம்.

போன மாதம் அண்ணிக்கு அதே மருத்துவமனையில் இதய அறுவை. துணைக்குப் போயிருந்தேன். திரையில் அண்ணியின் எண்ணுக்கு நேரே ‘நடக்கிறது’. அண்ணனின் சட்டைப் பைக்குள் ‘டக், டக்’. அன்று அந்தச் சத்தம் நின்றுவிடக் கூடாதே என்று இருந்தது எனக்கு.

“அண்ணே, ஒரு காபி?”

“வேணாம்ப்பா. அது மாறட்டும்.”

மாறியது. ‘முடிந்தது’ என்ற சொல் மட்டும், தன்னந்தனியாக.

எழுதியவர் அவர், சோதித்தவன் நான். இருந்தும் மனிதர் துள்ளி எழுந்து, ரெகுலேட்டரை என் கையில் திணித்துவிட்டு, கதவைத் திறந்து வந்த செவிலியிடம் ஓடினார்.

“சிஸ்டர், நெஜமாவே முடிஞ்சிடுச்சா?”